காலை ஐந்து மணிக்கு வருகிறவருக்கும் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் சுற்றுலா கார் ஓட்டுகிறேன். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, பழனி, கொடைக்கானல், காரைக்குடி என்று தென் மாவட்டங்களைச் சுற்றியே என் பிழைப்பு. பயணிகளை ராத்திரி லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டு மறுநாள் காலையில் அதே வாசலில் ஏற்றிக்கொள்கிறவன் என்பதால், விடுதிக்காரர்கள் காதுக்குப் போகாத பேச்சு என் காதுக்கு வரும். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது "எல்லாம் நல்லா இருந்ததா சார்?" என்று கேட்பார்கள். இவர்களும் "நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு வந்து ஏறுவார்கள். வண்டி முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் ஆரம்பிக்கும். வெந்நீர் வரவில்லை, போர்வையில் வாடை, விடிய விடிய யாரோ கதவை அடித்துச் சாத்திக்கொண்டே இருந்தார்கள். பல வருஷமாக இதைக் கேட்டு வருகிறேன். தங்கள் நாளிதழை விடுதி அதிபர்களும் சுற்றுலாத் துறை அதிகாரிகளும் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

பெரிய குறை ஒன்று உண்டு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். வருகிற நேரத்துக்கு அறை கிடைப்பதில்லை.

ராமேஸ்வரத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்கு. அது முடிந்ததும் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்றுக்குக் கிணறு நின்று தலையில் வாளியால் ஊற்றுவார்கள். அத்தனையும் முடித்த பிறகு ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போக முடியாது, மாற்றுத்துணி உடுத்திக்கொண்டுதான் சுவாமியைப் பார்க்க வேண்டும். ஆக, அந்த ஊருக்கு வருகிற ஒருவருக்கு அறை அவசியமாகத் தேவைப்படுகிற நேரம் காலை நாலு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. பல விடுதிகளில் செக்-இன் பகல் 12 மணி. இதை யார் உட்கார்ந்து யோசித்து வைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனதிலிருந்து, ரயிலில் வந்தவர்களும் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கித்தான் சாலை வழியாக வந்தார்கள். 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறந்ததும் ரயில் மறுபடி ஊருக்குள்ளேயே வருகிறது. சாயங்காலம் சென்னையில் ஏறினால் காலையில் ராமேஸ்வரம். அந்தக் கூட்டம் அப்படியே ஆட்டோவில் ஏறி லாட்ஜ் லாட்ஜாகப் போய் நிற்கிறது. "பன்னிரண்டு மணிக்கு வாங்க."

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம். அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தார்கள். எழுபதைத் தாண்டிய அம்மா, மகன்கள், மருமகள்கள், ஒரு கைக்குழந்தை. அறைக்கு முன்பே ஆன்லைனில் பணம் கட்டியிருந்தார்கள். காலை ஆறரைக்குப் போய் நின்றோம். கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த பலகையில் பாதிச் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அறை காலியாக இருக்கிறது என்று அந்தப் பையனே ஒத்துக்கொண்டான். ஆனால் இப்போதே வேண்டுமென்றால் அரைநாள் வாடகை தனியாகக் கட்ட வேண்டும், முதலாளி சொல்லாமல் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றான். முதலாளி போனை எடுக்கவில்லை. பெரிய மகன் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போதே அந்த அம்மா, "விடுப்பா, காரியத்துக்கு வந்த இடத்துல சண்டை எதுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

தீர்த்தமாடிவிட்டு வந்தபோது அந்த அம்மாவுக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டணக் குளியலறையில் வரிசை நீளம். வண்டியைச் சுவரோரம் ஒட்டி நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு மருமகள்களும் ஒரு வேட்டியை விரித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்துக்கொள்ள, கார் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்று அந்த அம்மா புடவை மாற்றினார். நான் தெருமுனை வரை நடந்து போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். திரும்பி வந்ததும், "தம்பி, சீட்டெல்லாம் ஈரமாயிடுச்சு, மன்னிச்சுக்கோ" என்றார். பணம் கட்டிப் பதிவு செய்த அறை அந்நேரம் மூன்றாவது தெருவில் பூட்டியே கிடந்தது.

இது செய்ய முடியாத காரியம் இல்லை. மதுரை டவுன் ஹால் ரோட்டிலும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இருக்கிற பழைய லாட்ஜுகளில் இன்றைக்கும் '24 மணி நேர செக்-அவுட்' என்று போர்டு தொங்குகிறது. காலை ஐந்துக்கு வந்தால் மறுநாள் காலை ஐந்து வரை அறை உங்களுடையது. ராத்திரி பத்துக்கு வந்தால் மறுநாள் ராத்திரி பத்து வரை. நோட்டில் வந்த நேரத்தை எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தை. ரயில் நிலைய ஓய்வறையைக்கூட 12 மணி நேரக் கணக்கில் தருகிறார்கள். புது விடுதிகள்தான் பகல் பன்னிரண்டிலிருந்து மறுநாள் பதினொன்று வரை என்று மாறிவிட்டன. ஆன்லைன் செயலிகளில் அறையைத் தேதிக் கணக்கில் விற்கிறார்கள், வந்த நேரத்தை வைத்து விற்க அதில் வழியில்லை என்று மேலாளர்கள் சொல்கிறார்கள். எல்லா அறையையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்தால் வேலையாட்களும் குறைவாகப் போதும் என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வியாபாரத்துக்கு வருகிற ஊரில் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். தீர்த்தமாட வருகிற ஊரில் சரிப்படாது.

24 மணி நேரக் கணக்கு முடியவே முடியாது என்கிற விடுதியாவது ஒன்று செய்யலாம். தரைத்தளத்தில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு அறை ஒதுக்கட்டும். உள்ளே குளியலறை, கழிப்பறை, பெரிய கண்ணாடி, துணி மாட்ட நாலு கொக்கி, பையை வைத்துப் பூட்ட ஓர் அலமாரி. பதிவு செய்திருக்கிறவர்கள் சீக்கிரம் வந்துவிட்டால் அங்கே குளித்து உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகட்டும். தலைக்கு ஐம்பதோ நூறோ வாங்கினாலும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். அறை தயாரானதும் போன் செய்தால் போதும்.

கிளம்புகிற நேரத்துக்கும் இதே கதைதான். கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள், முடிந்ததும் படகுக்கு வரிசையில் நின்றாக வேண்டும். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டிருக்கிறது. விடுதியில் காலைச் சாப்பாடு வாடகையோடு சேர்ந்தது, ஆனால் ஏழரைக்குத்தான் தொடங்கும். காசு கொடுத்த சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே மறுபடி காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். ஆளுக்கு நாலு இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் மடித்து முந்தின ராத்திரியே கட்டி வைத்துவிடலாம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் கெடாது. சட்னி, சாம்பார் எதுவும் வேண்டாம். குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்தப் பொட்டலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பின்சீட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெந்நீர். 'வெந்நீர் காலை 6 முதல் 9 வரை' என்று குளியலறைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். கோயிலுக்குப் போகிறவர் நாலு மணிக்குக் குளிப்பார். மாடியில் சோலார் வைத்திருக்கிற விடுதிகளில் முந்தின பகல் சூடான தண்ணீரை ராத்திரி வந்தவர்களே தீர்த்துவிடுகிறார்கள், விடிகாலைக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. மிஞ்சினாலும், தொட்டியிலிருந்து தூரத்தில் இருக்கிற கடைசி அறைக்குக் குழாயில் நிற்கும் பச்சைத் தண்ணீரெல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் சூடு வரும். அதற்குள் இரண்டு வாளி வீண். அறைக்கு ஒரு சின்ன ஹீட்டர் மாட்டினால் தீர்ந்தது. அதுவும் முடியாதென்றால், 'ஐந்து நிமிஷம் திறந்து விடுங்கள், பிறகு வெந்நீர் வரும்' என்று சாவி கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லலாமே. பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து, பிறகு விஷயம் தெரிந்து வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர்.

குளியலறை என்றதும் வாளி ஞாபகம் வருகிறது. புதிதாகக் கட்டுகிற விடுதிகளில் ஷவர் மட்டும் வைத்துவிட்டு வாளியையும் மக்கையும் எடுத்துவிடுகிறார்கள். வயதானவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மொண்டு ஊற்றித்தான் குளிப்பார்கள். குழந்தையைக் குளிப்பாட்டவும் வாளி வேண்டும். ஓர் இரவு தங்க எட்டாயிரம் வாங்குகிற இடத்தில் ஒரு பெரியவர் போன் செய்து வாளி கேட்க, அரை மணி நேரம் கழித்துத் துடைப்பம் வைக்கிற வாளியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

திருச்செந்தூரில் ஒரு சின்ன லாட்ஜ் இருக்கிறது. ஏ.சி. அறைகள் கொஞ்சம்தான், லிஃப்ட் கிடையாது, வரவேற்பறை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேஜையும் பெஞ்சும். என் வண்டியில் வருகிறவர்கள் திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கிறார்கள். நடத்துகிறவர் ஒரு பெண்மணி. கடலில் குளித்து நாழிக்கிணற்றுக்கும் போய்விட்டு வருகிறவர்கள் காலில் மணலோடுதானே வருவார்கள்? வாசலிலேயே முழங்கால் உயரத்துக்கு ஒரு குழாய், வழுக்காத கல், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மொட்டை மாடியில் வரிசையாக நைலான் கயிறு, ஒரு டப்பா நிறைய கிளிப். எந்தக் கயிறு எந்த அறைக்கு என்று தூணில் சாக்பீஸால் எழுதியிருப்பார். பெரிய விடுதியில் 'பால்கனியில் துணி காயப்போடக் கூடாது' என்று எழுதிப் போட்டு நிறுத்திவிடுவார்கள். வேறெங்கே காயப்போடுவது என்று சொல்வதில்லை. ஈரத்துணியைப் பாலித்தீன் பையில் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய், அங்கே பிரித்தால் நாற்றம். அந்தப் பெண்மணி துணி காய்ந்ததும் மடித்து வாசல் பெஞ்சில் வைத்துவிடுவார். இதற்கெல்லாம் தனிக் காசு கிடையாது.

படுக்கையைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. விரிப்பை மாற்றினோம் என்று சொல்வதைவிட, ஆள் வந்த பிறகு கண்முன்னால் மாற்றினால் போதும், மனசு நிம்மதியாகிவிடும். கொடைக்கானலில்தான் சிக்கல். விரிப்பு வெள்ளையாக இருக்கும், மேலே போர்த்துகிற கம்பளி எப்போது துவைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் கம்பளியைத் துவைக்க முடியாதுதான். மெல்லிய துணி உறை போட்டு அந்த உறையை மட்டும் மாற்றலாம். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போகிறோம். அத்தனை ஏற்பாட்டோடு மலை ஏறி வருகிற குடும்பம் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறது என்றால் நன்றாகவா இருக்கிறது?

வயதானவர்களோடு வருகிற குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகையை அல்ல, படியை. 'லிஃப்ட் வசதி உண்டு' என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் ஏழெட்டுப் படி, கைப்பிடியும் இருக்காது. வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஒரு கம்பி மாட்ட கொத்தனாருக்கு அரைநாள் கூலிதான் ஆகும். விளம்பரத்தில் வரவேற்பறைச் சரவிளக்கைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் வாசல் படியையும் கழிப்பறையையும் ஒரு படம் போட்டால், பழனியில் முழங்கால் வலியோடு வந்து இறங்குகிற ஒரு பாட்டி லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்க வேண்டியிருக்காது.

வாடகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தாங்கள் வாங்குகிற பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற உள்ளீட்டு வரிச் சலுகை இல்லாமல் போனதால் தங்களுக்குக் கை நஷ்டம் என்று விடுதிக்காரர்கள் சொல்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கலாம். பயணி கேட்பது அந்தக் கணக்கை அல்ல. வாடகை, வரி, கூடுதல் படுக்கை எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று போனிலேயே ஒரே தொகையாகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறார். சித்திரைத் திருவிழாவில் வாடகை ஏறும் என்பது மதுரைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும், அதற்கு யாரும் கோபப்படுவதில்லை. கிளம்புகிற காலையில் பில்லில் புதிதாக ஒரு வரி முளைத்தால்தான் கோபம் வருகிறது. அதேபோல ஆதாரை அந்த நேரத்தில் யார் பணியில் இருக்கிறாரோ அவருடைய சொந்த போனில் படம் பிடிக்கிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் காட்டுகிற பெண்களிடம், "முழு நம்பர் இருக்கிறதைக் கொடுங்க" என்று அடம்பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக எங்களைப் பற்றி. சுயநலத்துக்கு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதுவும் பயணிகள் கேட்பதுதான். அறைக்குப் போகும் முன்பு, "டிரைவர் எங்கே படுப்பார்?" என்று கவுன்ட்டரில் விசாரிக்கிறவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். "வண்டியிலேயே படுத்துக்குவாங்க சார்" என்று பதில் வரும். ராமேஸ்வரத்தில் கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம். கொடைக்கானலில் சீட்டைச் சாய்த்துக்கொண்டு குளிரில் புரண்டுவிட்டு, காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பின்னால் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டு வரும். முன்னால் இருக்கிறவன் ராத்திரி தூங்கியிருக்க வேண்டாமா? 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளில் திருத்தம் கொண்டுவந்து, விடுதிகளில் தங்குகிறவர்களின் ஓட்டுநர்களுக்குப் படுக்கை இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று சேர்த்தது. அதற்காக அரசுக்கு எங்கள் நன்றி. பழைய விடுதிகளும் தாங்களாகவே முன்வந்து இதைச் செய்ய வேண்டும். காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளை விடுதியாக்கியிருக்கிற ஓரிரு இடங்களில் எங்களுக்கும் பாய், தலையணை, மின்விசிறி, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் உண்டு. அங்கே போகிற டிரிப் என்றால் ஸ்டாண்டில் எல்லோரும் நான் நீ என்று முந்துவோம்.

சுற்றுலாத் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு கோரிக்கை. ராமேஸ்வரம், திருச்செந்தூர், பழனி, மதுரை, கன்னியாகுமரி ஆகிய ஊர்களில் 24 மணி நேரக் கணக்கில் அறை தருகிற விடுதிகள் எவை, அதிகாலையில் வருகிறவர்களுக்குக் குளித்து உடை மாற்ற இடம் தருகிற விடுதிகள் எவை, படி ஏறாமல் போகக்கூடிய அறை எங்கே இருக்கிறது, ஓட்டுநர் படுக்க இடம் எங்கே இருக்கிறது என்று ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்து வெளியிடுங்கள். ஆடி அமாவாசைக்கு முன்னால் வந்தால் ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போகிறவர்களுக்கு உடனே உதவும். தங்கள் நாளிதழ் அதை அச்சிட்டால் நானே கத்தரித்து, லேமினேட் செய்து, முன்சீட்டின் பின்பக்கம் பயணிகள் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பேன். எங்கள் ஸ்டாண்டில் இருக்கிற மற்ற வண்டிகளிலும் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சுற்றுலா கார் ஓட்டுநர்,
மதுரை.